வாளைக் கருவாட்டோடு ஒரு மாதிரி வகுப்பு

ஆங்கிலத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று இருபத்து மூன்று வயதில் மனதார நம்பியவள் நான். திருமானூரில் எங்கள் தெருவிலேயே முதல் எம்.ஏ. ஆங்கிலம் நான்தான் என்பதால், மறுத்துச் சொல்லவும் ஆளில்லை.

அப்போது பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு அழைப்பு வந்தது. எட்டாம் வகுப்புக்கு மாதிரி வகுப்பு எடுத்துக்காட்ட வேண்டும். தலைப்பு, 'அட்ஜஸ்ட்' என்ற வினைச்சொல்லின் பொருளும் பயன்பாடும். "இந்த வேலை கெடைக்கலன்னா தை மாசம் கல்யாணம்தான், சொல்லிட்டேன்" என்று அம்மா கறாராக அறிவித்திருந்தார். எனக்கோ வேலைக்குப் போக வேண்டும் என்ற வெறி. இரண்டு நாள் உட்கார்ந்து கலர் அட்டைகள் எழுதினேன். ஒரு பொருளைச் சரிசெய்து வைப்பது ஓர் அட்டையில், புதிய சூழலுக்குப் பழகிக்கொள்வது இன்னொன்றில், அடுத்தவருக்காக விட்டுக்கொடுப்பது மூன்றாவதில்.

கிளம்பும் நேரத்தில் ஹேண்ட்பேக் ஜிப் பிய்ந்தது. சர்ட்டிபிகேட், அட்டைகள், பள்ளியின் கடிதம் எல்லாவற்றையும் அம்மா ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அரியலூரில் பஸ் மாறினேன். மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஓர் அம்மா வந்தார். "செத்த அட்ஜஸ்ட் பண்ணிக்க கண்ணு" என்று பாதி உடம்பைச் சீட்டில் வைத்தார், மீதி நடைவழியில். கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அவர் பை என் மடிக்கு வந்தது. (எங்கள் பக்கத்து பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் மடி பொதுச்சொத்து. பையை வாங்க மறுத்தால் இறங்கும்வரை வசவு கேட்கலாம்.) அதுவும் அதே ஜவுளிக்கடைப் பை. வேப்பந்தட்டையில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். நான் கண்ணை மூடி வகுப்பின் முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு முந்தைய நிறுத்தத்திலேயே பள்ளி. கண்டக்டர் விசில் அடித்ததும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு குதித்தேன். வழியெல்லாம் ஒரே கருவாட்டு வாடை. 'என்ன ஊரப்பா இது!' என்று பெரம்பலூர்க்காரர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே பள்ளிக்குள் நுழைந்தேன்.

"சர்ட்டிபிகேட் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல வகுப்பு எடுங்க" என்று தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான், "எல்லோரும் இதை உற்றுக் கவனியுங்கள்!" என்று ஆங்கிலத்தில் முழங்கி, பையைப் பார்க்காமலே கைவிட்டு எடுத்து உயர்த்திப் பிடித்தேன். முழ நீள வாளைக் கருவாடு!

முன்பெஞ்சுப் பெண் மெதுவாக, "மிஸ், வாளைங்களா?" என்றாள்.

தை மாதம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் கருவாட்டைக் கீழே விடாமல், "ஆமா, வாளைதான். இந்த வாடைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? அட்ஜஸ்ட் போட்டு ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றேன். கைகள் எழுந்தன. ஒருத்தி மின்விசிறியை அட்ஜஸ்ட் செய்வாளாம். ஒருவன், கொஞ்ச நேரத்தில் மூக்கே அட்ஜஸ்ட் ஆகிவிடும் என்றான். ஜன்னலோரம் இருந்தவன், தோழனுக்காக அட்ஜஸ்ட் செய்து இடம் தருவதாகச் சொன்னான். என் மூன்று அட்டைகளும் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிட்டன. பெருமையாகவே சொல்கிறேன், அதைவிட நல்ல வகுப்பை இன்றுவரை நான் எடுத்ததில்லை.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு குரல். "எவம்மா எங் கருவாட்ட தூக்கிட்டு வந்தது?" பஸ் அம்மாதான், என் பையோடு நின்றார். ஆட்டோக்காரர் கடிதத்தைப் படித்துக் கூட்டிவந்திருக்கிறார். கருவாடு என் கையில் இருப்பதைப் பார்த்தவர், தலைமையாசிரியையிடம் திரும்பினார். "தங்கமான புள்ளங்க. நான் குந்த எடம் குடுத்து, பையையும் மடியில வாங்கி வச்சுக்கிச்சு. வேலைய இதுக்கே குடுத்துடுங்க."

தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "திங்கக்கிழமை வந்துருங்க" என்றார். அந்த அம்மா கொண்டுவந்த பையிலேயே கிடந்த என் சர்ட்டிபிகேட்டுகளை மறுபடி கேட்கவே இல்லை.

பன்னிரண்டு வருடமாக அதே பள்ளியில்தான் இருக்கிறேன். அப்பா இன்னும் திருமானூர் டீக்கடையில் மார்தட்டிச் சொல்கிறார்: "எல்லாரு புள்ளைங்களும் சர்ட்டிபிகேட்ட காட்டி வேலை வாங்குனாங்க. எம்பொண்ணு கருவாட்ட காட்டி வாங்குனா!"