கேப்டன் ராயோங் கதவைத் திறக்கும் பக்கம்

தலைவர் உஜாயின் நீளவீடு,
பாலே ஆறு, மேல்பகுதி.
செப்டம்பர் 20

கூச்சிங் நகரில் நூல்களைத் திருத்திப் பதிப்பிக்கும் திருமதி எம்பியாங் அவர்களுக்கு, காய்ச்சலின்றியும் வெள்ளமின்றியும் நலமாக இருக்கும் சங்காவ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் கணவரும், தங்கள் சிவப்பு மைப்புட்டியும் குறைவின்றி இருப்பதாக நம்புகிறேன்.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, கேப்டன் ராயோங் விண்கலத்தின் கதவை இனி முப்பத்தெட்டாம் பக்கத்தில் திறப்பார் என்று முடிவு செய்துள்ளேன். இம்முடிவு சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் நீளவீட்டின் பொதுக்கூடத்தில், வீட்டுத் தலைவர் உஜாய் முன்னிலையில், ஒரே கூரையின் கீழ் வாழும் இருபத்திரண்டு கதவுக் குடும்பங்களும் பாய் விரித்து அமர்ந்திருக்க அறிவிக்கப்பட்டது. என் மச்சான் உன்சாட் தவிர எவரும் எதிர்க்கவில்லை. நான்கு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஆதரவுப் பக்கம் சேர்த்துக்கொண்டேன்.

தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ‘மூன்றாம் நிலவின் காடு’ என்பது ஆபத்தான காட்டுக்குள் ஆறு பேர் நுழையும் விஞ்ஞான சாகச நாவல் என்று நான் முன்பு எழுதியிருந்ததையும், கைப்பிரதியின் இருநூற்றுப் பதினெட்டுப் பக்கங்களில் ஒருவரும் வேலியைத் தாண்டவில்லை என்பதையும் தாங்கள் அடுத்தடுத்த வரிகளில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்மை. செப்டம்பர் முப்பதுக்குள் அஞ்சல் முத்திரை விழாவிட்டால் இவ்வாண்டுப் பட்டியலில் என் இடம் மிளகுக்கொடி நோய்கள் பற்றிய நூலுக்குப் போய்விடும் என்பதையும் குறித்துக்கொண்டேன். எனக்கு அறுபத்தொரு வயது. நில அளவைத் துறையில் இருபத்தாறு ஆண்டுகள் வரைபடம் வரைந்தவன். ஆள் போகாத காட்டை வெள்ளையாக விட்டுவிடுவது எங்கள் துறையின் விதி. அந்த வெள்ளைக்குள் ஒரு தடவையாவது ஆள் அனுப்ப வேண்டும் என்றுதான் இந்த ஒரு நாவலை எழுதினேன். மிளகுக்கு இடம் கொடுப்பதாக இல்லை.

தவறு எப்படி நேர்ந்தது என்று தாங்கள் அறிய வேண்டும். முதல் பிரதியில் கேப்டன் ஒன்பதாம் பக்கத்திலேயே கதவைத் திறந்தார். அதைக் கூடத்தில் வாசித்தேன். கேப்டன் ஏணியில் இறங்கி, நடக்கும் மரங்களை நோக்கி முதல் அடியை எடுத்து வைத்த இடத்தில் உன்சாட் கையை உயர்த்தினான்.

“மச்சான், பறவை கேட்டாரா?”

“அது மூணாம் நிலவு. அங்க பறவையே கிடையாது.”

“பறவை இல்லாத காட்டுக்குள்ள எவனாவது போவானா? என்ன கேப்டன் இவரு?”

தாங்கள் நகரத்தில் வளர்ந்தவர் என்றாலும் நம்மவர். புறப்படுமுன் கெதுபோங் என்னும் சகுனப் பறவை எந்தப் பக்கம் கூவுகிறது என்று கேட்பதும், இடப்பக்கம் கூவினால் திரும்பிவந்து மூன்று நாள் காத்திருப்பதும் தங்களுக்குத் தெரியாததல்ல. நாங்கள் ஐம்பது ஆண்டுகளாகத் தேவாலயம் போகிறவர்கள். இந்த வீட்டில் பறவையை நம்புகிறவர் எவரும் இல்லை. ஆனால் கதையில் வருகிறவர்கள் நம்பாமலிருப்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. ஆகவே விண்கலத்தில் ஒரு கெதுபோங்கைக் கூண்டில் ஏற்றினேன். மறுநாள் வாசித்தபோது, கூண்டுப் பறவை செல்லாது என்றார்கள். “கூண்டை வச்சவன் வச்ச பக்கம்தானே அது கூவும்?” என்றான் உன்சாட். அதில் நியாயம் இருந்ததால் பறவையைத் திறந்துவிட்டேன். அது இடப்பக்கம் போய்க் கூவியது. நான் எழுதியதுதான், ஆனால் முதல் தடவையே வலப்பக்கம் கூவினால் நம்பும்படி இருக்காது. ஆறு பேரும் கலத்துக்குள் திரும்பி மூன்று நாள் காத்திருந்தார்கள். அந்த நிலவில் ஒரு நாள் என்பது நம் நாற்பத்தொரு நாள் என்று ஐந்தாம் பக்கத்தில் நானே எழுதித் தொலைத்திருந்தேன். மூன்று நாளுக்கு நூற்று இருபத்துமூன்று நாள் ஆயிற்று. கொண்டுபோன உணவு தீர்ந்தது. சும்மா இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள், கலத்தைச் சுற்றி வேலி கட்டி மலைநெல் விதைத்தார்கள். அது விளைந்தது. விளைந்தால் அறுவடைத் திருநாள் உண்டு, துவாக் என்னும் அரிசிக்கள் உண்டு, துவாக் இருந்தால் இரண்டாம் அதிகாரிக்கும் பெண் மருத்துவருக்கும் கல்யாணம் பேசாமல் இருப்பார்களா? இப்படியே நூற்றறுபதாம் பக்கம் வந்துவிட்டது.

பறவை மறுபடி கூவியது. அங்குள்ள ஆறு பகலில் மேல்நோக்கி ஓடும். ஆற்றைப் பார்த்து நின்று இடம் வலம் சொல்வதா, ஓடும் திசை பார்த்துச் சொல்வதா என்று கூடத்தில் இரண்டு பிற்பகல்கள் வாதம் நடந்தது. கடைசியில் தலைவர் உஜாய், “முகம் எங்க இருக்கோ அதுக்கு இடப்பக்கம்தான் இடப்பக்கம். ஆறு என்னவோ செஞ்சுட்டுப் போகுது” என்று தீர்ப்பளித்தார். தீர்ப்புப்படி அது இடப்பக்கம். மேலும் மூன்று நாள்.

என் மனைவி செந்தி கதை கேட்கிறவள் அல்ல. பாய் பின்னிக்கொண்டே, “விதைச்சாங்க, அறுத்தாங்க, கல்யாணமும் பண்ணிட்டாங்க. இன்னும் விறகுக்கு ஒருத்தரும் வேலி தாண்டல. எதை எரிச்சு சமைக்கிறாங்க?” என்று கேட்டாள். விமர்சனம் என்றால் அது. தங்கள் கடிதம் அதற்கடுத்த வாரம் வந்தது.

ஆகவே கூடத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன்: பறவை, கூண்டு, நெல், கல்யாணம் யாவும் நீக்கப்படும். காத்திருப்பு கிடையாது. கேப்டன் தம் புத்தியை மட்டும் நம்பி முப்பத்தெட்டாம் பக்கத்தில் கதவைத் திறப்பார். நாற்பதாம் பக்கத்தில் கையளவு நீளமுள்ள, இரத்தம் உறிஞ்சும் அட்டைகள். நாற்பத்துநான்காம் பக்கத்தில், தாங்கள் கேட்டுக்கொண்டபடி ஓர் உயிரிழப்பு: நடக்கும் மரம் தாவரவியலாளரை விழுங்குகிறது. அந்தத் தாவரவியலாளர் குட்டையானவர், எதற்கெடுத்தாலும் கையை உயர்த்துகிறவர், இடது புருவத்தில் தழும்புள்ளவர். எனக்குத் தெரிந்த எவரையும் அவர் குறிக்கவில்லை.

அந்தப் பக்கத்தை வாசித்து முடித்தபோது கூடத்தில் நல்ல சிரிப்பு. உன்சாட் தன் இடது புருவத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

“அந்த ஆளு பறவை கேட்டிருந்தா செத்திருக்க மாட்டாரு, மச்சான்.”

“கதைக்கு ஒருத்தர் சாகணும், மாப்ள.”

“சாகட்டும். யாரு வேண்டாம்னா? கேப்டன் சாகட்டுமே. அவருதான கதவைத் தொறந்தாரு.”

நான் அசையவில்லை. எழுத்தாளன் ஊர்ப் பேச்சுக்கு வளைந்தால் காடு என்றைக்கும் வெள்ளையாகவே கிடக்கும். தட்டச்சு முடிந்தது. நூற்றெழுபத்தொரு பக்கங்கள், எண்ணெய்த்துணியில் கட்டி, மேலே கயிறு போட்டிருக்கிறேன். வீட்டில் இஞ்சின் ஓடுகிற படகு இப்போது ஒன்றுதான் இருக்கிறது, அது உன்சாட்டுடையது. குடும்பம் வேறு, இலக்கியம் வேறு என்று அவனும் ஒப்புக்கொண்டு, இருபத்துநான்காம் தேதி காலை காப்பிட் அஞ்சலகத்துக்கு என்னை அழைத்துப்போவதாகச் சொல்லிவிட்டான். ஆறு நாள் கையில் வைத்துக்கொண்டு புறப்படுகிறோம். பட்டியலில் என் பெயரைத் தாங்கள் அச்சுக்கு அனுப்பலாம்.

தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும் நீண்ட ஆயுளும், நோய் தொடாத உடலும், குளிர்ந்த மனமும், நிறைந்த நெற்பானையும் வாய்க்கட்டும். செந்தி தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். விறகு விஷயத்தையும் கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
உறுதி மாறாத,
சங்காவ் அனாக் லம்பாய்

பின்குறிப்பு: இருபத்துநான்காம் தேதி காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். இரண்டாவது வளைவில் உன்சாட் படகைத் திருப்பினான். கெதுபோங் இடப்பக்கம் கூவியதாம். பதினைந்து குதிரைச்சக்தி இஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “உங்களுக்கு எப்படிக் கேக்கும், மச்சான்? உங்களுக்குத்தான் நம்பிக்கை கிடையாதே” என்றான். மூன்று நாள் காத்திருந்தோம். இருபத்தேழாம் தேதி அதே வளைவில், அதே பக்கம், மறுபடி கூவியதாம். தலைவரிடம் முறையிட்டேன். “படகு அவனோடது. அவன் முகம் எங்க இருக்கோ அதுக்கு இடப்பக்கம்தான்” என்றார். அன்று மாலையே தட்டச்சு எந்திரத்தைத் திறந்தேன். தாவரவியலாளர் இப்போது சாவதில்லை. புறப்படுமுன் கையை உயர்த்திக் கேப்டனை நிறுத்துகிறவர் அவர்தான். நெல்லும் கல்யாணமும் திரும்பிவிட்டன, விறகுக்கு ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். கேப்டன் ராயோங் கதவைத் திறப்பது, அதாவது வேலிக் கதவை, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில். இதை முப்பதாம் தேதி மாலை கூடத்தில் வாசித்தேன். உன்சாட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுத்த நாள் கனமழை. அதற்கு மறுநாள் காலை பறவை வலப்பக்கம் கூவியது, இஞ்சின் சத்தத்தையும் மீறி எனக்கே கேட்டது. காப்பிட் அஞ்சலக மேசையில் நின்றபடி இதைச் சேர்க்கிறேன். அலுவலர் பொதியின் மேல் முத்திரை குத்திவிட்டார். அக்டோபர் 2.