செவ்வாய்க்கிழமை எடுத்த அளவு

"பையை விடுங்கண்ணே, உள்ள கண்ணாடிச் சாமான் இருக்கு" என்று அறிவரசன் மூன்றாவது தடவையாகச் சொன்னான்.

"ஒடஞ்சா ஒடையட்டும். என் மீனு போனதுக்கு ஒன் பாட்டிலு போனா என்ன?" என்றார் ராசாங்கம்.

பையின் ஒரு வார் அவர் கையில் இருந்தது. இன்னொரு வார் இவன் தோளில் இருந்தது. இருவருமே விடுவதாக இல்லை.

குரும்பலூருக்கு மேற்கே, டவுன் பஸ் திரும்புகிற கடைசி ஊர் அது. வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்கு ஊர் மொத்தமும் ஏரிக்கரையில் நின்றது. ஓரத்துத் தண்ணீரில் கட்லாவும் ரோகுவும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஏரியின் மீன் குத்தகை ராசாங்கத்துடையது. ஞாயிற்றுக்கிழமை வலை இறக்குவதாக இருந்தார். வலை தேவையில்லாமலே மீன் மேலே வந்துவிட்டது. அவர் மனைவி லீலாவதி முழங்கால் தண்ணீரில் நின்று, செத்ததைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

அறிவரசன் இந்தக் கூட்டத்தை எதிர்பார்த்து வரவில்லை. அவன் வந்தது ஒரே ஒரு அளவை மறுபடியும் எடுத்துப் போக.

வயது முப்பத்து மூன்று. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் ஏழாவது வருட ஆராய்ச்சி மாணவன். துறை, நன்னீர்ச் சூழலியல். பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று கேட்டதற்கு இவன் அம்மா "ஏரித் தண்ணிய அளக்குறான்" என்றார். அவர்கள் பொதுப்பணித் துறை என்று எடுத்துக்கொண்டு காபி கொடுத்தார்கள். உதவித்தொகையும் நின்று இரண்டு வருடம் ஆகிறது என்று தெரிந்தபின் பெண் கடைசி வரை வெளியே வரவில்லை.

திங்கட்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருடமும் போய்விடும். கொடுத்துவிட்டால் அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நிலையில்தான் நேற்று அவனுடைய வழிகாட்டி, பேராசிரியர் தர்மன், கடைசிப் பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"செவ்வாக்கெழம எடுத்த அளவு ரொம்பக் கொறச்சலா இருக்கே அறிவு. எக்ஸாமினர் நம்ப மாட்டாரு. இன்னொரு தடவ போயி எடுத்துட்டு வந்துரு."

வந்தான். வந்தவன் பை இப்போது ராசாங்கத்தின் கையில். அந்தப் பைக்குள்தான் களக்குறிப்பு நோட்டு இருக்கிறது. நாலு வருடத்து அளவும் அந்த ஒரே நோட்டில்; ஆய்வேட்டோடு அதையும் கொடுத்தாக வேண்டும். அதை நகலெடுத்து வைக்க வேண்டும் என்று நாலு வருடமாகவே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"நான் செவ்வாக்கெழம பூலாம்பாடி போயிருந்தேன்" என்றார் ராசாங்கம். "ஆனா மாயவன் இங்கதான் ஆடு மேச்சிக்கிட்டு இருந்தான். நீ அந்தக் கல்லு மேல குந்திக்கிட்டு சொட்டுச் சொட்டா என்னமோ ஊத்துனியாம். செவ்வாக்கெழம நீ ஊத்துன. வெள்ளிக்கெழம மீன் செத்துருச்சு. இனிமே நான் என்ன கேக்கணும், நீயே சொல்லு."

"ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றான் மாயவன். "கறுப்பும் வெள்ளையுமா ஒரு தட்டக் கயித்துல கட்டி உள்ள வேற எறக்குனாப்ல. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"அது தண்ணி எவ்வளவு தெளிவா இருக்குன்னு பாக்குற தட்டு" என்றான் அறிவரசன். "நான் ஏரியில ஒண்ணும் ஊத்தலண்ணே. ஏரித் தண்ணிய பாட்டில்ல புடிச்சி, பாட்டிலுக்குள்ளதான் ஊத்துனேன்."

"எத ஊத்துன?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் 'டெஸ்ட் பண்ற திரவம்' என்று சொல்லித் தப்பித்திருப்பான். ஏழு வருடம் படித்தவனுக்கு அது முடியாது.

"மாங்கனீசு சல்பேட்டு. அப்பறம் ஆல்கலைன் அயோடைடு."

முன்னால் நின்றவர்கள் அதைப் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள்.

"சல்பேட்டுங்குறான்" என்றது ஒரு குரல்.

"பருத்திக்கு அடிக்கிறதா?"

"அதுல ஒரு மூடி போதும். மாடே போயிரும்."

வாயால் சொன்னால் புரியாது, செய்து காட்டினால் புரிந்துவிடும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. வகுப்பில் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கச் சொல்வார்கள்.

"ஒரு கொடம் நல்ல தண்ணி கொண்டாங்க. உங்க கண்ணு முன்னாடியே செஞ்சி காட்டுறேன். தப்பு இருந்தா என்னைய என்ன வேணா பண்ணுங்க."

பஞ்சாயத்துக் குழாயிலிருந்து தண்ணீர் வந்தது. ராசாங்கம் வாரை விடாமலே பையைத் திறக்க அனுமதித்தார். அறிவரசன் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, இரண்டு திரவத்தையும் அளந்து விட்டு, மூடிக் குலுக்கினான். பளிங்காக இருந்த குடிதண்ணீர் செங்கல் நிறத்தில் திரிதிரியாகத் திரண்டது.

அவனுக்கு அது அழகான காட்சி. தண்ணீரில் ஆக்ஸிஜன் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். கூட்டம் இரண்டடி பின்னால் போனது.

"நாம குடிக்கிற தண்ணிக்கே இந்தக் கதின்னா மீன் என்னடா பண்ணும்" என்றார் ஒருவர்.

"இருங்க, இருங்க. இது சரியாயிரும்" என்று அறிவரசன் பதற்றத்தோடு இன்னொரு சிறிய பாட்டிலை எடுத்தான். "இத விட்டா எல்லாம் கரைஞ்சி தெளிஞ்சிரும்."

"அது என்ன?"

"சல்ஃப்யூரிக் ஆசிட்."

இதற்குப் பிறகு நடந்ததை விவரமாகச் சொல்வது அவனுக்கு மரியாதை இல்லை. இரண்டு பேர் அவன் கைகளைப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். குழந்தைகளைத் தூரமாகப் போகச் சொன்னார்கள். பாட்டிலை ஒரு பெரியவர் துண்டால் பிடித்து, வேலிக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

"எங்க சாருகிட்ட பேசுங்க" என்றான் அறிவரசன். "பேராசிரியர். அவரு சொன்னா நம்புவீங்க."

ராசாங்கமே அவன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் கேட்ட சத்தத்தை வைத்தே பேராசிரியர் தர்மன் நிலைமையைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். முப்பது வருட சர்வீஸ் சும்மா வந்ததில்லை.

"அறிவரசன் எங்க ஸ்காலர்தாங்க. இல்லைன்னு சொல்லல" என்றார். "ஆனா இன்னைக்கு ஃபீல்டுக்குப் போக எங்ககிட்ட பர்மிஷன் எதுவும் வாங்கலீங்க. அவரா போயிருக்காரு. காலேஜுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க."

"சார், நேத்து நீங்கதான" என்று அறிவரசன் ஆரம்பிப்பதற்குள் போன் அணைந்துவிட்டது. மறுபடி அடித்ததற்கு, அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார்.

அவன் அழாமல் இருந்ததே பெரிது. ஏழு வருடமாக அந்த மனிதருக்குப் பால் பாக்கெட்டிலிருந்து பஸ் டிக்கெட் வரை வாங்கிக் கொடுத்தவன்.

ஸ்டேஷனுக்குத் தகவல் போய், எட்டரைக்கு ஏட்டு அண்ணாதுரை பைக்கில் வந்து இறங்கினார். அவர் முதலில் மீனைப் பார்த்தார், பிறகு பாட்டிலைப் பார்த்தார், கடைசியாக அறிவரசனைப் பார்த்தார்.

"ஐடி கார்டு இருக்கா?"

இருந்தது. கொடுத்தான்.

"இது ரெண்டு வருஷத்துக்கு முந்தியே முடிஞ்சி போச்சே தம்பி."

"உதவித்தொகை நின்னதும் புதுசு குடுக்கலீங்க சார்."

"அப்ப நீ இப்ப யாரு?"

இதைத்தான் அவன் அம்மாவும் இரண்டு வருடமாகக் கேட்கிறார்.

"சரி. பையோட ஸ்டேஷனுக்கு வா" என்றார் ஏட்டு. "பாட்டில லேபுக்கு அனுப்பணும். பை, நோட்டு, தட்டு எல்லாம் சாமான் லிஸ்ட்ல ஏறும். கேஸு முடிஞ்சி கோர்ட்டுல வாங்கிக்கலாம்."

"எப்ப முடியும் சார்?"

"மூணு வருஷம் ஆவும். நாலும் ஆவலாம்."

அறிவரசன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

"அந்த நோட்ட மட்டும் இங்கயே படிச்சிப் பாருங்க சார்" என்று கெஞ்சினான். "எல்லாம் அதுல இருக்கு. மீன் ஏன் செத்துச்சுன்னு அதுலயே இருக்கு. படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது படிங்க. அதுக்கப்பறம் நீங்க எங்க கூப்பிட்டாலும் வரேன்."

கூட்டத்தில் கவிதா டீச்சர் இருந்தார். உள்ளூர் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுப்பவர். பள்ளிக்குப் போகிற வழியில் நின்றவர்.

"குடுங்க, நான் பாக்குறேன்" என்று முன்னால் வந்தார். "நான் படிச்சது ஜுவாலஜிதான்."

ஏட்டு நோட்டை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகப் புரட்டினார். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஊரே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"இவரு நாலு வருஷமா மாசா மாசம் வந்து நம்ம ஏரித் தண்ணியில எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்குன்னு எழுதி வச்சிருக்காரு" என்றார் டீச்சர். "மீன் மூச்சு விடுறதுக்கு வேண்டிய காத்து அது. அஞ்சுக்கு மேல இருந்தா மீன் நல்லாருக்கும். மூணுக்குக் கீழ போனா மூச்சு முட்டும்."

"நம்ம ஏரி எவ்வளவு டீச்சர்?" என்றார் ராசாங்கம்.

"மொத வருஷம் ஆவணியில ஆறு புள்ளி எட்டு. மறு வருஷம் நாலு புள்ளி ஒம்போது. போன வருஷம் மூணு புள்ளி ரெண்டு. சாக்கடைத் தண்ணி வர்ற வாய்க்கா, பாசி புடிச்சது, சோளக்கொல்லை உரம் எறங்குனது, எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்காரு." டீச்சர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "இந்தச் செவ்வாக்கெழம, காலைல ஆறே முக்கால். ஒண்ணு புள்ளி ஒண்ணு."

"அப்படின்னா?"

"அப்படின்னா இவரு பாட்டில்ல எதையும் ஊத்துறதுக்கு முன்னாடியே ஏரி செத்துப்போச்சுங்க. இவரு ஒண்ணும் பண்ணல. கீழ ஒரு குறிப்புகூட இருக்கு, படிக்கிறேன் கேளுங்க." டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "'மேகமூட்டம் இன்னும் மூன்று நாள் நீடித்து, வெயிலின்றிப் பாசி ஆக்ஸிஜன் தராமல் போனால் மொத்த மீனும் இறக்கும். இந்த ஏரியே நமது ஆய்வுக்குச் சிறந்த சான்று.' அடியில கோடு போட்டிருக்காரு."

கூட்டம் வானத்தை அண்ணாந்து பார்த்தது. மூன்று நாளாக வெயில் தலைகாட்டவில்லை.

"எழுதி வச்ச மாதிரியே நடந்துருக்கே" என்றான் மாயவன், கொஞ்சம் பயத்தோடு.

"படிச்ச புள்ளைன்னா இதுதான்யா" என்றார் பாட்டிலை வேலிக்கு அப்பால் வைத்த பெரியவர்.

அறிவரசன் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நின்றான். ஏழு வருடத்தில் அவனுடைய அளவுகளை ஒருவர் முழுதாகப் படித்ததும், இத்தனை பேர் கவனித்துக் கேட்டதும் இதுதான் முதல் தடவை. மாநாட்டில் அவன் கட்டுரை வாசித்தபோது எதிரே பதினோரு பேர் இருந்தார்கள், அதில் மூன்று பேர் சாப்பாட்டு டோக்கனுக்காக வந்தவர்கள். இப்போது ஊரே தலையாட்டுகிறது. நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அப்ப கேஸு இல்ல" என்றார் ஏட்டு. ஒரு வேலை குறைந்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. "தம்பி, கார்ட மட்டும் புதுசு வாங்கிரு." பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ராசாங்கம் வாரை விட்டார். ஒன்றரை மணி நேரம் இறுக்கிப் பிடித்ததில் அவர் உள்ளங்கை சிவந்திருந்தது.

"மன்னிச்சிருங்க தம்பி. மீன் போன ஆத்திரத்துல கை வச்சிட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"பரவால்லண்ணே. உங்க எடத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் பண்ணுவாங்க" என்றான் அறிவரசன் பெருந்தன்மையாக.

நோட்டை வாங்கிப் பக்கங்களை ஒரு முறை எண்ணிப் பார்த்தான். எல்லாம் இருந்தது. இனி மறு அளவுகூட வேண்டாம். செத்த மீனை நாலு படம் எடுத்துக்கொண்டால் எக்ஸாமினர் நம்பாமல் எங்கே போவார்? திங்கட்கிழமை ஆய்வேடு, அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு, அதன்பிறகு அரியலூர் வேலை. பத்தே காலுக்கு பஸ். அவன் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தோதாகத் தண்ணீர்ப் பக்கம் இறங்கினான்.

லீலாவதி நிறைந்த கூடையோடு எதிரே மேலேறி வந்தார். அவர் படத்தில் விழாமல் இருக்க அறிவரசன் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். அவர் போகவில்லை. கூடையை அவன் காலடியில் இறக்கி வைத்தார்.

"செவ்வாக்கெழம மத்தியானம் எங்க வூட்டுலதான சாப்ட்டீங்க" என்றார். "'மீன் கொழம்பு நல்லாருக்கு அக்கா'ன்னு ரெண்டு தடவ கேட்டு வாங்கிக்கிட்டீங்க. காலைலயே தெரியும்னா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே வலைய எறக்கியிருப்போமே சார்."