ஒசாக்கா ஸ்டேஷனில் நான் இடம் பிடித்த கதை

எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவன் நான். இரண்டாவது தடவையும் முழுசாக உட்காரவில்லை. எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வித்தை, ரயில் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது. அந்த வித்தையிலும் நான் அரைகுறைதான் என்று தெரிந்துகொள்ள ஜப்பான் வரை போக வேண்டியிருந்தது.

காரைக்கால் பக்கம் நெரவியில் வீட்டை விட்டுக் கிளம்பியவன் அதிக தூரம் போய்விடவில்லை. முதல் நிறுத்தம் திருநள்ளாறு. அங்கே ஒரு லாட்ஜில் வேலை. படுக்கை மாடிப்படிக்குக் கீழே. சாப்பாடு, தங்கியவர்கள் மிச்சம் வைத்தால் உண்டு. சனிக்கிழமைகளில் சனீஸ்வரனைப் பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் சாயங்காலம் பேரளம் போகும் ரயிலுக்கு நிற்கும். காரைக்காலில் கிளம்பும்போதே பாதி நிறைந்துவிடுகிற குட்டி ரயில் அது. லாட்ஜில் தங்கிய குடும்பங்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. கழுத்தில் நான்கு துண்டு, கையில் இரண்டு. வண்டி உள்ளே நுழையும்போதே கூட ஓடி, காலியாகத் தெரிகிற பெஞ்சைப் பார்த்து வீசுவேன். ஒன்று கூடக் குறி தப்பாது.

துண்டு விழுந்துவிட்டால் இடம் நம்முடையது. அதற்குப் பிறகு அவசரமே கிடையாது. பெரியவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வரலாம், டீ குடிக்கலாம். வண்டி நகர்ந்தால்கூட இரண்டு எட்டு ஓடி ஏறிக்கொள்ளலாம். கார்டுக்கும் நம்மைத் தெரியும். (சில சமயம் துண்டும் போய் இடமும் போனது உண்டு. அதையெல்லாம் நான் வெளியே சொல்வதில்லை.)

லாட்ஜுக்குப் பிறகு சென்னையில் தட்டு கழுவினேன். பம்பாயில் மூட்டை தூக்கினேன், காய்ச்சலில் கிடந்தேன், மறுபடி தட்டு கழுவினேன். கடைசியில் ஒரு சரக்குக் கப்பலின் சமையலறையில் வெங்காயம் உரிக்கும் வேலை கிடைத்தது. எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. தலைமைச் சமையல்காரர் எங்கள் ஊர்க்காரர் என்பதால் கிடைத்த வேலை. காரைக்கால்காரர், பெயர் காசிம். அவர்கள் வழக்கில் அண்ணனுக்கு நானா; நானும் அப்படியே கூப்பிடுவேன். அவர் என்னை, கோபம் இல்லாதபோது கலியா என்றும், கோபம் வந்தால் கலியபெருமாள் என்று முழுசாகவும் கூப்பிடுவார்.

சிங்கப்பூர் தாண்டியதும் ஒரு பெரிய அலையில் நானாவின் மூக்குக்கண்ணாடி அடுப்பு மேடையிலிருந்து விழுந்து தூளாகிவிட்டது. அது இல்லாமல் அவருக்கு மிளகாய்த்தூளும் பட்டைத்தூளும் ஒன்றுதான். இரண்டு வாரம் கப்பலில் முப்பது பேர் பட்டைத்தூள் போட்ட மீன் குழம்பு சாப்பிட்டோம். "அடுத்த கரையில கண்ணாடி வாங்கலன்னா சமையக்காரனயே மாத்திர்றேன்" என்று கேப்டன் சொல்லி அனுப்பிவிட்டார். நானாவுக்கு ஊரில் ஏழு வாய்.

கோபே துறைமுகத்தில் கப்பலைக் கட்டியதும், கம்பெனி ஏஜெண்டின் ஆள் ஒசாக்காவுக்கு அழைத்துப்போய் ஒரு கடையில் கண்ணாடிக்கு அளவு கொடுக்க வைத்தார். மூன்றாம் நாள் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்குத்தான் கப்பலும் கிளம்புகிறது: சாயங்காலம் ஐந்து மணிக்கு. மூன்று மணிக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும். ஏஜெண்டின் ஆளுக்கு வேறு வேலை. ஜப்பான் எழுத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, யாராவது கூடப் போங்கள் என்றார்.

"ரயில் விஷயம்னா எனக்கு அத்துப்படி" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

தோளில் துண்டோடு கிளம்பியவனை நானா மடக்கினார். "அந்நிய ஊருல துண்டப் போட்டுக்கிட்டு மானத்த வாங்காத. வச்சிட்டு வா." வைத்துவிட்டு வந்தேன். துண்டு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

போனது, கடையைக் கண்டுபிடித்தது, கண்ணாடி வாங்கியது எல்லாம் சுலபமாக முடிந்தது. ஆனால் நானா புதுக் கண்ணாடியைப் போட்டு இரண்டு எட்டு வைத்ததுமே சுவரைப் பிடித்துக்கொண்டார். "தரை மேல எழும்பி வருதுடா! கப்பல்ல ஒரு எடத்துல குந்திக்கிட்டுத்தான் இதப் போடணும்." கழற்றிப் பெட்டியில் வைத்து, பெட்டியைத் துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். அந்தப் பையில் ஏற்கெனவே எங்கள் இருவரின் கரையிறங்கும் அனுமதிச் சீட்டும், ஏஜெண்டின் ஆள் எழுதிக் கொடுத்த சீட்டும் இருந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்தவனும் நான்தான்.

இப்போது அந்த ஸ்டேஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைக்கால் ஸ்டேஷனில் ஒரு பிளாட்பாரம், ஒரு புளியமரம், ஒரு மாஸ்டர். ஒசாக்காவில் ரயில்கள் மாடியில் ஓடின. கீழே கடைகள், அதற்கும் கீழே இன்னும் கடைகள். நுழைகிற வாசல்களில் வரிசையாகக் கூண்டுகள். ஒவ்வொரு கூண்டிலும் டிக்கெட்டில் ஓட்டை போடும் ஒரு ஆள். டிக்கெட் வராத நேரத்திலும் அவர்கள் கை நிற்கவில்லை, வெறும் காற்றை டக்டக்கென்று ஓட்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். பத்துக் கூண்டிலிருந்தும் அந்தச் சத்தம். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னடா சத்தம்? மழையா?" என்றார் நானா.

"டிக்கெட்டுக்குத் துளை போடுறாங்க நானா."

"இவ்ளோ வெரசாவா? எத்தன பேரு போறான்?"

எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். ஆற்றில் தண்ணீர் போவதுபோல் ஜனம் போகிறது, ஒருவர்மேல் ஒருவர் இடிக்கவில்லை. கூச்சலும் இல்லை. இவ்வளவு பேர் சேர்ந்து இவ்வளவு மௌனமாக இருப்பதை எங்கள் பக்கம் இழவு வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

மாடிக்கு ஏறினோம். பிளாட்பாரத்தில் தரையில் கோடும் எண்ணும் போட்டு, அதன் பின்னால் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். வண்டி இன்னும் வரவேயில்லை! வராத வண்டிக்கு, அதன் கதவு எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்து வரிசை நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவி ஜனங்கள், இடம் பிடிக்கும் வித்தை தெரியவில்லை என்று பரிதாபப்பட்டேன். நானாவை ஒரு தூண் ஓரம் நிறுத்தினேன்.

"நீங்க இங்கயே நில்லுங்க. எடம் புடிச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டம் இருக்காடா?"

"இருந்தா என்ன, நான் இருக்கேன்ல?"

நீல நிற ரயில் வந்தது. புழுக்கமான நாள், ஜன்னல் கண்ணாடிகளைத் தூக்கி வைத்திருந்தார்கள். என் கால்கள் தாமாகவே திருநள்ளாறு கால்களாகிவிட்டன. வண்டியோடு ஓடினேன். வலது செருப்பு கழன்று விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி நிற்கிற நேரத்தில், எதிர்ச் சுவரையொட்டிய நீளப் பெஞ்சில் இரண்டு பேருக்கு நடுவே ஒரு காலி இடம் தெரிந்தது. துண்டுக்குக் கழுத்தில் கையை விட்டேன், துண்டு இல்லை. கையில் இருந்த பையை வீசினேன். உட்கார்ந்திருந்தவர்களின் தலைக்கு மேலாகப் பறந்து பெஞ்சின் நட்டநடுவில் போய் விழுந்தது.

அப்படி ஒரு குறியை அதற்கு முன்னும் பின்னும் நான் அடித்ததில்லை.

இடம் கிடைத்துவிட்டது, இனி அவசரம் இல்லை. நிதானமாகத் திரும்பி நடந்தேன். வழியில் ஒருவர் நின்றுகொண்டே ஆவி பறக்கிற நூடுல்ஸை உறிஞ்சிச் சாப்பிடுவதை வேறு கொஞ்சம் வேடிக்கை பார்த்தேன். நானாவிடம் போய், "வாங்க நானா, ஜம்முனு எடம்" என்று கையைப் பிடித்தேன். எங்கோ மணி அடித்தது. விசில் ஊதினார்கள். புஸ் என்று ஒரு சத்தம். அத்தனை பெட்டிகளின் அத்தனை கதவுகளும் ஒரே நேரத்தில் தாமாகச் சாத்திக்கொண்டன. கதவு என்றால் ஆள் திறப்பது, ஆள் சாத்துவது என்று நினைத்திருந்தவன் நான். இரண்டு எட்டு ஓடினேன். பிடித்துத் தொங்க ஒரு கம்பிகூட வெளியில் இல்லை.

எங்கள் பை, பிடித்த இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்து, கோபேக்குப் போய்விட்டது.

"ஏறலாமாடா?" என்றார் நானா.

"வண்டி போயிடுச்சு நானா."

"அடுத்த வண்டில போவோம். அதுக்கேன் ஒரு மாதிரியா பேசுற?"

சொன்னேன். என்னிடம் மிச்சம் இருந்தவை இரண்டு டிக்கெட், ஒரு செருப்பு, கண் தெரியாத ஒரு சமையல்காரர். அனுமதிச் சீட்டு இல்லாமல் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். கப்பலை விட்டுவிட்டால் ஓடிப்போனவன் என்று எழுதிவிடுவார்கள், அப்புறம் எந்தக் கப்பலிலும் வேலை கிடையாது. பிளாட்பாரக் கடிகாரத்தில் மணி ஒன்றேகால்.

நானா, "கலியபெருமாள்" என்றார், முழுசாக. "என் கண்ண எடுத்து ஜன்னல்ல வீசிட்டு வந்து எடம் புடிச்சேங்குற. இருபது வருசமா கடல்ல இருக்கேன், புயலப் பாத்துருக்கேன், கப்பல் முழுவுனதப் பாத்துருக்கேன். ஒன்ன மாதிரி ஒரு ஆபத்த நான் பாத்ததே இல்ல."

அதற்குள் வெள்ளைக் கையுறை போட்ட ஸ்டேஷன்காரர் ஒருவர் எங்களிடம் வந்தார். ஓடியதற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையில் என் வலது செருப்பு. அதை இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து கொடுத்தார். என் செருப்புக்கு அப்படி ஒரு மரியாதை ஊரில் கிடைத்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாஷை தெரியாததால் நடித்துக் காட்டினேன். ஓடினேன், வீசினேன், கதவு சாத்தியது, வண்டி போனது. நூடுல்ஸ் சாப்பிட்டவர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஸ்டேஷன்காரர் முகத்தில் மட்டும் சிரிப்பே இல்லை. குட்டிப் புத்தகம் எடுத்துப் பென்சிலால் ஒரு ரயில் வரைந்தார். எந்தப் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? உதட்டைப் பிதுக்கினேன்.

அவர் என் செருப்பைப் பார்த்தார். திரும்ப வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, அதை எடுத்த இடத்திலேயே மறுபடி வைத்தார். அந்த இடத்தில் தரையில் ஒரு கோடு, ஒரு எண். என்னை அங்கிருந்து ஓடச் சொன்னார். ஓடினேன். எத்தனையாவது எட்டில் வீசினேன் என்று சைகையில் கேட்டார். ஏழாவதில் கை தானாக உயர்ந்தது. அங்கேயும் ஒரு கோடு இருந்தது. படத்தில் மூன்றாம் பெட்டியின் இரண்டாம் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பை வரைந்து, பிளாட்பாரத்துப் போனை எடுத்தார்.

அப்புறம் நாற்பது நிமிஷம். நானா தூணில் சாய்ந்துகொண்டு வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், தரைக் கோடுகளைப் பார்த்தேன், வந்து நிற்கிற ஒவ்வொரு வண்டியின் கதவும் கோட்டுக்கு நேராக வருகிறதா என்று பார்த்தேன். பயத்திலும் அந்த ஆராய்ச்சியை என்னால் விட முடியவில்லை. பதினொரு வண்டி வந்தது. ஒன்றுகூட ஒரு சாண் தள்ளி நிற்கவில்லை.

பன்னிரண்டாவது வண்டி எதிர்ப்பக்கம் வந்து நின்றது. அதன் பின்கோடியிலிருந்து கார்டு இறங்கி, எங்கள் துணிப்பையைக் கொடுத்து, ஸ்டேஷன்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். சீட்டுகள் இருந்தன. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

நானா அங்கேயே கண்ணாடியை எடுத்துப் போட்டார். தரை எழும்பினால் எழும்பட்டும் என்று நினைத்திருப்பார். முதலில் என்னைப் பார்த்தார். "நீ இவ்ளோ சின்னப் பயலா? ஒன்ன நம்பியாடா வந்தேன்!" அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி, கூரையை, ரயில்களை, வரிசைகளைப் பார்த்தார். "அல்லாவே, இது டேசனா? நம்ம காரைக்காலயே உள்ள தூக்கி வச்சிரலாம் போலருக்கே" என்றார்.

நான் ஸ்டேஷன்காரரைக் கும்பிட்டேன். அவர் குனிந்தார். நான் மறுபடி கும்பிட்டேன். பிறகு அவர் எதையோ சொல்ல விரும்பி, பாஷை இல்லாததால் இந்த முறை அவர் நடித்துக் காட்டினார். பையை வாங்கிப் பக்கத்துப் பெஞ்சில் வைத்தார். அதன் எதிரே நின்றுகொண்டு, மேலே ஒரு கைப்பிடியைப் பிடித்திருப்பதுபோல் கையைத் தூக்கி ஆடினார். பெஞ்சைக் காட்டினார், இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். மறுபடி நின்று ஆடினார். பக்கத்தில் இரண்டு பேர் நிற்பதுபோல் விரல் காட்டினார்.

முதலில் புரிந்தது நானாவுக்குத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"டேய் கலியா, ஒன் பை கெடந்த எடத்துல கடைசி வரைக்கும் ஒருத்தன் உக்காரலியாண்டா! எடம் காலியா இருக்க, நின்னுக்கிட்டே போயிருக்கானுவோ!"

திருநள்ளாற்றில் அத்தனை வருஷம் துண்டு போட்டும் அப்படி ஒரு இடம் எனக்கு வாய்த்ததில்லை. எல்லாம் சரியாக நடந்தது. உட்கார நான்தான் இல்லை. கைப்பிடியைப் பிடித்து நின்றவர்கள் அந்தப் பையைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று இன்றைக்கும் சில நாள் யோசிக்கிறேன்.

மூன்று மணிக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது கப்பல் ஏறினோம். அன்றிரவு குழம்பில் மிளகாய்த்தூள் இருந்தது. குழம்போடு சேர்த்து நானா இந்தக் கதையையும் பரிமாறினார். அதோடு விட்டாரா? எண்பதுகளில் எனக்குப் பெண் பார்த்தபோது, நான் போவதற்கு முன்பே மாமனார் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். கல்யாணத்தன்று வேட்டி மாற்றிக்கொண்டு நான் திரும்ப வந்தால், என் மணையில் மச்சான் ஒரு துண்டை விரித்துப் போட்டிருக்கிறான். "மாப்பிள்ளைக்கு எடம் புடிச்சாச்சு, நெதானமா வரச் சொல்லுங்க!" மண்டபமே சிரித்தது. தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மணப்பெண்ணும் சிரித்தாள்.

அவள் இன்னும் நிறுத்தவில்லை. காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் வண்டி வந்து நின்றதும் என் தோளில் இருக்கிற துண்டை உருவித் தன் கையில் வைத்துக்கொள்வாள். பின்னாலிருந்து என்னை ஒரு தள்ளு தள்ளுவாள்.

"மொதல்ல நீங்க ஏறுங்க. துண்டு அப்பறம் வரும்."