மூணு நிமிஷ மாலாடு

மூன்று நிமிஷத்துக்குள் முடிக்க முடியாத காரியம் இந்தப் பூலோகத்தில் ஒன்றுகூடக் கிடையாது என்று மனசார நம்பிய ஒரே பெண்மணி, எனக்குத் தெரிந்து, திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு சூப்பர்வைசராக இருந்த அக்காதான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'மூணு நிமிஷம்'. முகத்துக்கு நேரே மட்டும் அக்கா.

ட்ரங்க் கால் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அறுபதுகளில் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்ததும் எங்கள் முன்னால் இருக்கும் போர்டில் ஒயரைச் செருகி இணைத்துக் கொடுப்போம். மூன்று நிமிஷம் ஆனதும் பேச்சுக்கு நடுவே புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?" என்று கேட்போம். நாங்கள் அதை வேலையோடு விட்டுவிட்டு வந்துவிடுவோம். அக்கா ஹாஸ்டலுக்கும் கொண்டு வந்தார். கண்டோன்மென்ட் பக்கம் இருந்த அந்தப் பெண்கள் ஹாஸ்டலில் அவரும் எங்களோடுதான் தங்கியிருந்தார்.

குளியலறைக் கதவைத் தட்டி, "மூணு நிமிஷம் ஆச்சு, முடிச்சிடு" என்பார். தலையில் சீயக்காயோடு வெளியே வந்தவர்கள் உண்டு. மலைக்கோட்டை உச்சியில் பிள்ளையார் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்ற ஒரு பெரியவரிடம், "ஐயா, சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சுன்னா நகருங்க, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் "நகருங்கோ, நகருங்கோ" என்று எல்லாரையும் தள்ளிவிடுவார்கள் அல்லவா? நாங்கள் பெருமாளைச் சரியாகப் பார்க்க முடியவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தால், அக்கா, "தொழில் தெரிஞ்சவங்க" என்று பூரித்துப் போவார்.

அவரைப் பெண் பார்க்க ஒரு தடவை வந்தார்களாம். மாப்பிள்ளையின் சித்தப்பா குடும்பப் பெருமையைப் பேசிக்கொண்டே போக, அக்கா எழுந்து நின்று, "வேற ஏதாவது உண்டா? இல்லைன்னா வச்சிடட்டுமா?" என்று கேட்டதாக ஹாஸ்டலில் ஒரு கதை. உண்மையோ பொய்யோ, அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தீபாவளி, பொங்கல் எதற்கும் அவர் ஊருக்குப் போனதும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் தானாகவே டியூட்டி போட்டுக்கொண்டு மற்றவர்களை அனுப்பி வைப்பார்.

அப்படிப்பட்டவர்தான் அந்த வருஷம் என் தீபாவளி லீவை வெட்டினார்.

எனக்கு ஊர் வையம்பட்டி. பட்டாளத்தில் இருந்த அண்ணன் இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்திருந்தான். தீபாவளி அன்று சாயங்காலமே திரும்பிப் போகிறான். ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று நான் மாதக் கணக்கில் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆபீசர் கையெழுத்தும் போட்டுவிட்டார். அக்கா நேரே போய், "எட்டு போர்டுக்கு ஏழு பேர் பத்தாதுங்க" என்று சொல்லி, கையெழுத்தை அடிக்க வைத்துவிட்டார். தீபாவளிக் காலையில் ஊர் முழுக்கப் போனில்தான் இருக்கும். மாப்பிள்ளை வந்து சேர்ந்தாரா, புடவை பிடித்ததா என்று கேட்காவிட்டால் ஜனங்களுக்குப் பட்டாசு வெடிக்காது. அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அக்காவோடு பேசுவதை நிறுத்தினேன். எனக்காக மற்றப் பெண்களும் நிறுத்தினார்கள்.

எல்லார் பேச்சையும் பாதியில் வெட்டியே பழகியவருக்கு, ஒருத்தரும் பேசாத அந்த மூன்று நாள் ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்கவும் தெரியாத ஜன்மம். தீபாவளிக்கு முதல் நாள், ஹாஸ்டல் சமையற்காரம்மாவும் ஊருக்குப் போய்விட்டதால், யாரும் கேட்காமலே கூடத்தில் நின்று அறிவித்தார்:

"தீபாவளிக்கு எல்லாருக்கும் நான் மாலாடு பண்ணப் போறேன். பொட்டுக்கடலையும் சக்கரையும் அரைக்கணும், நெய்யைக் காய்ச்சி ஊத்திப் பிடிக்கணும். இதைவிடச் சுலபமான பலகாரமே கிடையாது. மூணு நிமிஷம்."

டப்பாவைத் தூக்க என் அறைத் தோழி ஜைனப்பை இழுத்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போனார். அங்கே நடந்ததை ஜைனப் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மில்லில் ஏகக் கூட்டம். அரிசி, கடலைப்பருப்பு என்று ஆளுக்கொரு டப்பாவோடு இருபது பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மிஷினுக்கு முன்னால் மட்டும் ஒரு ஈ காக்கை இல்லை. அக்காவால் நம்ப முடியவில்லை.

"யார் அடுத்தது?"

"யாரும் இல்லீங்க. நீங்க போங்க" என்றாள் ஒருத்தி.

"ஆமாங்க, பாவம், அவசரமாப் போறாப்பல இருக்கு. முதல்ல நீங்க அரைச்சுக்குங்க" என்றார்கள் மற்றவர்களும். சொல்லிவைத்த மாதிரி அத்தனை பேரும் வழிவிட்டார்கள்.

மாவு மில் பழக்கமுள்ளவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். சற்று முன்தான் ஒரு கல்யாண வீட்டு மிளகாய், முழுசாக ஐந்து கிலோ, அந்த மிஷினில் அரைபட்டிருந்தது. மிளகாய்க்கு அடுத்து யாராவது ஓர் அப்பாவி வந்து மிஷினைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கட்டும் என்றுதான் எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். மில்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு ஜலதோஷம் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

ஜைனப்புக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, கொஞ்சம் இருங்க, இந்த மிஷின்ல..." என்று ஆரம்பித்தாள். தும்மல் வந்துவிட்டது.

"சுருக்கமாச் சொல்லு."

"அக்கா, இதுல முன்னாடி..." மறுபடியும் தும்மல். அதற்குள் அக்கா டப்பாவைக் கவிழ்த்துவிட்டார். மாவு இலேசாகச் சிவந்து வந்தது. "குங்குமப்பூ போட்டாப்பல என்ன கலர் பாரு" என்று அக்கா சந்தோஷப்பட்டார். திரும்பும் வழியெல்லாம், திருச்சி ஜனங்களைப்போலத் தங்கமான ஜனங்கள் உண்டா என்று பேசிக்கொண்டே வந்தாராம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க ஜைனப்புக்கு மனசு வரவில்லை.

அன்று சாயங்காலம் வராந்தாவில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, கொதிக்கிற நெய்யை ஊற்றி, உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தனியாக உட்கார்ந்து உருட்டினார். மூன்று நிமிஷப் பலகாரம் இரண்டரை மணி நேரம் எடுத்தது. நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். போய் உதவி செய்யவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தீபாவளிக் காலை ஏழு மணிக்கு எட்டு போர்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. அக்கா ஒவ்வொருத்தி பக்கத்திலும் காகிதத்தில் சுற்றிய ஒரு மாலாடை வைத்துவிட்டுப் போனார். ஜைனப் தன்னுடையதை ஓரமாகத் தள்ளி வைத்ததை நான் கவனிக்கவில்லை. தொடக்கூடாது என்றுதான் நானும் இருந்தேன். வீறாப்பு எட்டு மணி வரை தாங்கியது. அப்புறம் பசி.

முதலில் இனித்தது. அடுத்து ஏலக்காய் மணத்தது. அதற்கப்புறம் தொண்டையில் தீ பிடித்தது. அடுத்த போர்டில் ஒருத்தி, "திண்டுக்கல் லைன்ல இருக்காங்க, ஸ்ஸ்ஸ், பேசுங்க" என்கிறாள். இன்னொருத்திக்கு இருமல் நிற்கவில்லை. என் லைனில் மார்க்கெட் வியாபாரி ஒருவர்.

"ஏம்மா, அழறீங்களா?"

"இல்லீங்க... ஸ்ஸ்... பேசுங்க."

"நாளும் கிழமையுமா வீட்டுக்குப் போக முடியலையாம்மா? நான் அப்புறமாப் பேசிக்கிறேன். நீங்க ஒரு வாய் தண்ணி குடிங்க, போங்க."

அந்த மனுஷர் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். இந்நேரம் அண்ணன் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பக்கத்தில் இலை காலியாக இருக்க, தனியாகச் சாப்பிட உட்கார்ந்திருப்பான் என்ற நினைப்பு வந்தது. மிளகாய் அழுகை எங்கே நின்றது, சொந்த அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் வரிசையாக எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவரவர்க்கு ஓர் ஊர் இருந்தது அல்லவா.

அக்கா ஓடி வந்தார். என் காகிதத்தில் மிச்சமிருந்த பாதியை வாயில் போட்டார். மென்றார். முகம் மாறியது.

"ஜைனப், மில்லுல எனக்கு முன்னாடி என்ன அரைச்சாங்க?"

"யா அல்லா! அதைத்தானேக்கா சொல்ல வந்தேன். மிளகா. அஞ்சு கிலோ. நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

அக்கா துப்பவில்லை. முழுவதையும் விழுங்கினார். அவர் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது.

"உன் லீவை வெட்டினது நான்தான்டி" என்றார் என்னிடம். "எனக்கு வேற வழி தெரியலை. இனிப்பாவது ஒழுங்காக் குடுக்கலாம்னு பாத்தேன்."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரும் ஹெட்செட்டைக் கழட்டுங்க. மூணு நிமிஷம். அழ வேண்டியவங்க அழுதுக்குங்க. போர்டை நான் பாத்துக்கறேன்."

எட்டு போர்டையும் அவர் ஒருத்தியாகப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி, ஒயரைப் பிடுங்கிச் செருகி, கரகரத்த குரலில் "பேசுங்க, பேசுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டு, மிளகாய்மேல் பழியைப் போட்டு, ஆசை தீர அழுதோம்.

சற்று நேரத்தில் என் தோளில் ஒரு கை விழுந்தது. நேற்றைய நெய்ச் சூட்டில் உள்ளங்கை இன்னும் சிவந்திருந்தது.

"மூணு நிமிஷம் ஆச்சு" என்றார் அக்கா, ஊராரிடம் பேசும் அதே குரலில். "நீட்டிக்கணுமா?"

"ஆமாங்கக்கா" என்றேன். நான்கு நாளில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அண்ணனைப் பார்க்க அதன்பிறகு ஒன்றரை வருஷம் ஆயிற்று. அக்கா மாற்றலாகி வடக்கே போனார். ஒன்றிரண்டு கடிதம் போட்டார், மூன்று வரிக்கு மேல் இராது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு மாலாடு தவறாது. மாவு மில்லில் டப்பாவைக் கொடுக்கும்போது, எனக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று மட்டும் நான் கேட்பதே இல்லை.