நற்சான்று மாமா

எல்லாக் குடும்பத்திலும் ஒரு நற்சான்று மாமா உண்டு. வீட்டுப் பையன் மீது புகார் என்று காதில் விழுந்த மறுநிமிடம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். என்ன புகார் என்று கேட்பாரா? மாட்டார். கேட்டால் பதில் வந்துவிடுமே!

இந்த மாமா ஓர் அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய தங்கை மகன் தன்னிடம் அத்துமீறினான் என்று கூடப் படிக்கும் பெண் ஒருத்தி பல்கலைக்கழகத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். விசாரணைக் கடிதத்தோடு, புகாருக்கு ஆளான மாணவர்களுக்கான வழிகாட்டி என்று எட்டுப் பக்கக் கையேடு ஒன்றும் வீட்டுக்கு வந்தது. தங்கை அதை இரண்டு முறை படித்தாள். அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. மாமா மஞ்சள் மார்க்கரோடு உட்கார்ந்தார்.

'நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள்.'

"இவன் என்னத்த எழுதுவான்? நான் எழுதித் தரேன்."

'புகார் கொடுத்தவரை நேரிலோ பிறர் மூலமோ தொடர்புகொள்ளாதீர்கள்.'

"அது பையனுக்கும்மா. பெரியவங்க நாலு வார்த்தை பேசினா ஆகாதா?"

'துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். அவர் உங்களுக்காகப் பேசக்கூடாது.'

இந்த வரிக்கு மட்டும் மார்க்கரில் மை தீர்ந்துபோயிற்று.

அடுத்த மூன்றே நாளில் பழைய டியூஷன் டீச்சர், நீச்சல் கற்றுக்கொடுத்தவர், குடியிருப்புச் சங்கச் செயலாளர், மாடி வீட்டு வக்கீல், மருந்துக்கடைக்காரர் என்று பதினான்கு பேரைப் பிடித்து, பையன் பத்தரைமாற்றுத் தங்கம் என்று எழுதி வாங்கி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபைல் போட்டார். பல் டாக்டருக்கு அவனுடைய கடைவாய்ப் பல்லைத் தவிர வேறென்ன தெரியும்? அவரும் எழுதினார்: 'அடக்கமானவர். வலித்தாலும் கத்தமாட்டார்.'

"அண்ணா, என்ன நடந்துச்சுன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நம்ம பையன நாமளே சந்தேகப்படலாமாம்மா?"

பையன் ஒருமுறை வாயைத் திறந்தான். "மாமா, அன்னிக்கு அவ..."

"நீ போய் முடி வெட்டிட்டு வா. பாக்க நல்ல பையனா இருக்கணும்."

விசாரணைக்கு முந்தைய நாள் இன்னொரு கடிதம் வந்தது. புகார் கொடுத்தவரின் தந்தைக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் மூன்று முறை போன் செய்திருக்கிறார். அதுவும் இனி விசாரிக்கப்படும்.

"நலம்தான விசாரிச்சேன்!" என்றார் மாமா.

தங்கை ஃபைலை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மகனுக்கு எதிரே உட்கார்ந்தாள். இத்தனை நாளாக அவளும்தான் அண்ணனைக் கேட்டாளே தவிர அவனைக் கேட்கவில்லை.

"சொல்லுடா."

"வேண்டாம்னு சொன்னாம்மா. ரெண்டு தடவ. நான்தான் கைய விடல."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இதையே எழுது. நாளைக்குத் துணைக்கு நான் வரேன். பேசமாட்டேன்."

மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்மா, அதுக்குப் பதிலா நீ ஒரு நற்சான்று எழுதினா பதினஞ்சாகுமே?"

அவள் எழுதவில்லை.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இவ்வளவு தூரம் படித்ததில், பையன் கதி என்ன ஆகுமோ என்றுதானே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்? அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று மாமா கேட்கவில்லை, சரி. நீங்கள்?

பதினைந்தாவது உறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மாமா உங்கள் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.