எனக்குத் தெரிந்த குறைகள்

வீட்டை விற்றுவிடுவது என்று தலைமை எழுத்தர் முடிவு செய்தார். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. வேலை போனாலும் பட்டம் போகவில்லை. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

காரணம் கூரை. மழை வந்தால் கூடத்தில் ஒரு வாளி, படுக்கையறையில் ஒரு குண்டான். பதினோரு வருஷமாக மனைவி சொல்லாத மழை இல்லை. அவர் ஒப்புக்கொண்ட மழையும் இல்லை. ஒழுகலா? காற்றில் ஈரம். விரிசலா? பெயின்ட் சுருக்கம். ஆள் வைத்துச் சரிசெய்தால் பத்து நாள் தூசி, சத்தம், ஜன்னலோரத்து நாற்காலியில் நிம்மதியாகப் பேப்பர் படிக்க முடியாது. அதற்கு வீட்டையே தள்ளிவிடலாம்.

அவள் மறுக்கவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவளே செய்தி கொண்டுவந்தாள். எதிர் வீட்டம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வருகிறாராம். பிடித்தால் எடுத்துக்கொள்வாராம்.

அவர் காரியத்தில் இறங்கினார். ஈரச் சுவரை பீரோவால் மறைத்தார். விரிசலின் மேல் காலண்டர் மாட்டினார். விரிசல் நீளம். அதற்குக் கீழே போன வருஷக் காலண்டரையும் மாட்டினார்.

"ஏங்க, மறைச்சு வித்து நாளைக்குத் தெரிஞ்சா கோர்ட்டுக்கு இழுப்பாங்க. தெரிஞ்ச குறைய எழுதிக் கொடுத்துட்டா நம்ம கை சுத்தம்."

"இந்த வீட்டுல என்ன குறை?"

"கூரை."

"கூரை ஒரு குறையாடி?"

"நம்ம வீட்டுல ரெண்டும் ஒண்ணுதான்."

கோர்ட் என்ற சொல் வேலை செய்தது. முப்பத்து நாலு வருஷம் தன் தலைக்கு எதுவும் வராமல் ஃபைல் தள்ளிய மனிதர். காகிதம் எடுத்தார். 'மேற்படி வீட்டில் எனக்குத் தெரிந்த குறைகள்' என்று முத்து முத்தாகத் தலைப்பிட்டார். அப்புறம் ஆபீஸ் ரத்தம் அவரைச் சும்மா விடவில்லை. ஒன்று, கூரை ஒழுகல், பதினோரு வருஷமாக. இரண்டு, குளியலறைக் கதவு. உள்ளே போனவர் வெளியே வர, வெளியே இருப்பவர் உதைக்க வேண்டும். இப்படி எட்டு. கீழே கையெழுத்து, தேதி.

சாட்சிக் கையெழுத்துப் போட அவள் வாங்கிப்போனாள். கொஞ்சம் அதிக நேரம்தான் எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறன்று வந்தவர் காகிதத்தை வைத்துக்கொண்டு சுவர் சுவராகத் தட்டினார். டேப் பிடித்து அளந்தார். மொட்டைமாடிக்கு ஏறி இறங்கினார். விவரமான ஆள் என்று தலைமை எழுத்தர் மெச்சிக்கொண்டார்.

"எடுத்துக்கறேங்க."

"ரிஜிஸ்டர் எப்ப வெச்சுக்கலாம்?"

"ரிஜிஸ்டரா? வேலைய எடுத்துக்கறேன்னேங்க. நான் கொத்தனார். நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "வாங்க வர்றார்னியே?"

"பார்க்க வர்றார்னேன். பார்த்துட்டாரு."

இங்கே ஒழுகலே கிடையாது என்று ஆரம்பித்தார். கொத்தனார் காகிதத்தை நீட்டினார். முத்து முத்தான எழுத்து, கீழே கையெழுத்து. தலைமை எழுத்தர் போய்க் காலண்டர்களைக் கழற்றினார். உள்ளுக்குள் ஒரு நிம்மதியும்தான். ஜன்னலோரத்து நாற்காலியை விட்டு எங்கேயும் போகவேண்டியதில்லை.

"எட்டையும் சரி பண்ணிடலாம்மா," என்றார் கொத்தனார். "இந்த ஒன்பதாவதை என்ன பண்றது?"

தலைமை எழுத்தர் எட்டிப் பார்த்தார். அவர் கையெழுத்துக்கு மேலே இருந்த இடுக்கில் அவள் எழுத்து. 'ஒன்பது, வீட்டுக்காரர்.'

"அத விட்டுடுங்க," என்றாள். "அப்படியே இருக்கட்டும். தட்டினா உதிர்ந்துடும்."