கதிரை ரீச்சரின் விடுமுறை

சும்மா இருப்பதில் எங்கள் கதிரை ரீச்சரை வெல்ல மன்னார்த் தீவில் மட்டுமல்ல, ஈரேழு உலகத்திலும் ஆள் கிடையாது. நீங்களும் நானும் சும்மா இருந்தால் கொட்டாவி விடுவோம், காலை ஆட்டுவோம், ஊர் வம்பு பேசுவோம். அவர் இருந்தால் இருந்ததுதான். பல்லி ஒன்று அவரைச் சுவரென்று நினைத்துத் தோளில் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சண்டைக் காலத்தில், தாழ்வுபாட்டுப் பக்கம் இருந்த எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்த வெள்ளைக்காரப் பெண்மணி அவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். உயரம் கதவு நிலையைத் தாண்டும். சொந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் நாக்கு வளையவில்லை. அவரை அனுப்பிய வெளிநாட்டு நிறுவனம் ஒரு விதி போட்டிருந்தது. விடுமுறை பிள்ளைகளுக்குத்தான், ஆசிரியர் கிழமை நாட்களில் ஏழரையிலிருந்து ஒன்றரை வரை பள்ளிக்கூடத்தில் இருந்தே ஆக வேண்டும். இருந்து என்ன செய்ய வேண்டும் என்று விதியில் இல்லை. ஆகவே அவர் ஒன்றும் செய்யவில்லை. ஆறாம் வகுப்பில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

கதைப் புத்தகம் தொடமாட்டார், கடமை நேரமாம். ஊசி நூலும் எடுக்கமாட்டார், அதுவும் கடமை நேரமாம். காலையில் பிள்ளைகள் இல்லாத வெறும் வாங்குப் பலகைகளைப் பார்த்து வணக்கம் சொல்லி, எழும்பி நின்றவர்களை உட்காரச் சொல்வதுபோல் கையைக் காட்டிவிட்டு அமர்வார். அதோடு சரி.

இதில் நாசமாய்ப் போனது என் விடுமுறை. நான் அங்கே தொண்டர் ஆசிரியன். அதாவது சம்பளம் இல்லாத ஆசிரியன். சம்பளம் இல்லாதவன் தலையில்தானே எல்லா வேலையும் விழும்? பூட்டும் திறப்பும் என்னிடம், மணியும் என்னிடம். மணி என்றால் மரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. பள்ளிக்கூடம் திறந்திருந்தால் பாடத்துக்குப் பாடம் மணி அடிக்க வேண்டும் என்றார் ரீச்சர். பிள்ளைகளே இல்லையே என்று தலையைச் சொறிந்தேன். விடுமுறை பிள்ளைகளுக்குத்தான், மணிக்கு இல்லை என்றார். அடித்தேன். இடைவேளை மணிக்கு ஊர் ஆடுகள் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தன.

எங்கள் பள்ளிக்கூட அதிபருக்கு மணி என்றால் உயிர். கொஞ்சம் பிந்தி அடித்தாலும் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். அவரே, “நல்லா மாட்டிக்கொண்டாய் தம்பி” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த மார்கழி விடுமுறையோடு சிரிப்பு நின்றது. கரையோரத்தில் புதிதாக ஆமிப் படை வந்து இறங்கியிருந்தது. அவர்களுக்கு இருக்க இடம் வேண்டும். முந்திய விடுமுறையில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் திரும்பிப் போனபோது வாசலில் மண்மூட்டை, உள்ளே ஆமி. பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு ஓலைக் கொட்டில்தான் வகுப்பு. மழை பெய்தால் அதுவும் இல்லை. அடுத்தது எங்கள் பள்ளிக்கூடம்தான் என்று ஊர் பேசிக்கொண்டது. சும்மா பேசவில்லை. ஒரு கப்டன் வந்து எங்கள் மண்டபத்தைக் காலடியால் அளந்துவிட்டுப் போயிருந்தார்.

அதிபர் அடம்பன் ஊர்க்காரர். பாலம் தாண்டி வீட்டுக்குப் புறப்பட்டவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“மணி நிக்கக் கூடாது தம்பி. மணி கேக்குமட்டும் இது பள்ளிக்கூடம். நிண்டால் வெறுங் கட்டடம்.”

அன்றிலிருந்து நான் முணுமுணுக்காமல் அடித்தேன். தினமும் ஜீப் ஒன்று வாசலில் வேகம் குறைக்கும். உள்ளே வெள்ளைக்காரப் பெண்மணி ஆணி அடித்தாற்போல் இருப்பார். வாங்குகளுக்குச் சொல்லும் அதே வணக்கத்தை ஜீப்புக்கும் சொல்வார். ஜீப் போய்விடும். அதன் சத்தம் தேயும்வரை நான் மரத்தடியை விட்டு நகரமாட்டேன். தன் கதிரைதான் இந்தக் கட்டடத்தைத் தாங்குகிறது என்பது அவருக்குத் தெரியுமா, அல்லது விதி, விதி என்று மட்டும் இருக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும், அதற்குச் சில நாட்களே இருக்கும்போது ரீச்சரை மலேரியா பிடித்தது. முதல் நாள் நடுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை கதிரை வெறுமையாக இருந்தது. வாசலில் ட்றக் நின்றது. ட்றக் நிறைய முள்ளுக்கம்பிச் சுருள்.

கப்டன் இறங்கி வந்து கையை நீட்டினார். அரைகுறைத் தமிழில், “லீவுதானே. திறப்புத் தா” என்றார்.

நான் இளந்தாரி. தமிழன். சுற்றிவரத் துவக்கும் தோட்டாவுமாக ஆமி. அந்தக் காலத்தில் ஒருவன் காணாமல் போக இதில் பாதி போதும்.

“ரீச்சர் வருவா சேர்” என்றேன்.

வருவார் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. நேரம் ஏழரை. கால்கள் தாமாகவே மரத்தடிக்குப் போயின. அடித்தேன். தேவைக்கு மேலேயே அடித்தேன்.

“ஆருக்கு மணி?” என்றார் கப்டன்.

“ரீச்சருக்கு சேர்.”

அவர் வெறும் கதிரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கையை நீட்டினார்.

அப்போதுதான் மாகிறட் அக்கா வந்தார். கருவாடு காயவைத்து விற்கிற அவர் வீட்டில்தான் ரீச்சர் குடியிருந்தார். புருஷனுடைய மீன் சைக்கிளிலிருந்து பெட்டியைக் கழற்றிவிட்டு, பெட்டி இருந்த இடத்தில் ரீச்சரை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். போர்வைக்குள் ரீச்சர்; போர்வைக்கு வெளியே நீண்ட கால்கள், மணலில் இரண்டு கோடு கீறிக்கொண்டு வந்தன. துவக்குகளை விலக்கச் சொல்லி மாகிறட் அக்கா சைக்கிள் மணியை அடித்தார். விலகினார்கள்.

ரீச்சர் இறங்கித் தள்ளாடி என்னிடம் வந்து, “பிந்திப் போச்சு தம்பி, மன்னிக்கோணும்” என்றார். வகுப்புக்குள் போய் வாங்குகளுக்கு வணக்கம் சொல்லிக் கதிரையில் இருந்தார். அவர் நடுங்கக் கதிரையும் சேர்ந்து நடுங்கியது. அதில் அவர் அசைந்ததை அன்றுதான் கண்டேன்.

பிறகு நடந்த பேச்சு ஆங்கிலத்தில். யாருக்குப் படிப்பிக்கிறீர்கள் என்று கப்டன் கேட்டார். ஒருவருக்கும் இல்லை என்றார் ரீச்சர். அப்படியானால் வீட்டுக்குப் போகலாமே, உடம்பு கொதிக்கிறதே என்றார். ஒன்றரை வரை போக முடியாது, விதி என்றார் ரீச்சர். இது என்ன முட்டாள் விதி என்று கப்டன் சத்தம் போட்டார். முட்டாள் விதிதான் என்று ரீச்சர் ஒப்புக்கொண்டார். பிறகு, பண்டிகைக்கு உங்களுக்கு லீவு கிடைத்ததா என்று கேட்டார்.

கிடைக்கவில்லை என்றார் கப்டன். ஒரு சின்ன வாங்கைத் துடைத்து, முழங்கால் நாடியில் இடிக்க அதில் இருந்தார். மாகிறட் அக்கா சுடுதண்ணிப் போத்தலில் கொண்டுவந்த மல்லித் தண்ணியை ரீச்சருக்கு வார்த்தார். போத்தல் மூடியில் கொஞ்சம் கப்டனுக்கும் வார்த்து நீட்டினார். அவர் குடித்தார். நான் ட்றக்கில் இருந்த கம்பிச் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் கப்டன் எழும்பினார். வாசலில் என்னிடம் விரலை நீட்டினார்.

“திங்கள் பிள்ளைகள் இல்லையெண்டால், நாங்கள்.”

ட்றக் போயிற்று. அந்தக் கம்பி பிறகு கரையில் பாழடைந்து கிடந்த, மீனுக்கு ஐஸ் அடித்த பழைய கட்டடத்தைச் சுற்றி ஏறியது. இரங்கினாரா, வெள்ளைக்காரப் பெண்மணியோடு வம்பு எதற்கு என்று விட்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பயம் இறங்கியதும் எனக்குக் கோபம் ஏறியது. இந்தக் காய்ச்சலில் ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தீர்களே, ஒரு பாழாய்ப்போன விதிக்காக, என்று மாகிறட் அக்காவிடம் பாய்ந்தேன்.

“காய்ச்சல் வருத்தமெண்டால் வரத் தேவையில்லையாம் தம்பி, விதியிலயே இருக்காம். அவதான் சொன்னவா. அப்ப படுங்கோவன் எண்டனான். ட்றக் சத்தம் கேட்டோண்ண, ‘தம்பி தனிய நிக்கிறான்’ எண்டு எழும்பீற்றா.”

நான் மரத்தடிக்குப் போய், மணியைச் சரிபார்ப்பதுபோல் நின்று அழுதேன்.

திங்கட்கிழமை ஊர் ஒரு பிள்ளையையும் வீட்டில் வைத்திருக்கவில்லை. படிப்பை விட்டுக் கடலுக்குப் போனவர்களும் மீசையோடு வந்து வாங்கில் இருந்தார்கள். பால்குடிகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கூட வந்தார்கள். ஜீப் வந்தது, பார்த்தது, போனது. விடுமுறை முழுக்கக் கண் இமைக்காமல் காவல் இருந்த ரீச்சரோ, வேலை இருந்த முதல் நாளில், கதிரையிலேயே வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். ஆறாம் வகுப்பு முழுவதும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு இருந்தது.

அடுத்த பாடத்துக்கு நேரமாயிற்று. நான் மணி அடிக்கக் கையை ஓங்கினேன். அதிபர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

“அடியாதை தம்பி” என்றார் மெதுவாக. “இப்ப பிள்ளையள் இருக்கினம். அவ நித்திரை கொள்ளட்டும்.”